குரல் யாரிடம் பேசுகிறது?

வாய்ஸ் ஓவர் எழுத உட்காரும்போது முதல் வரியை எழுதிவிடாதீர்கள். தாளின் தலைமாட்டில் ஒரு பெயரை எழுதுங்கள்: கேட்பவரின் பெயர். சொல்பவர் யார் என்பது கதை பிடிபட்டபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்பவரைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

என் கைக்கு வரும் குறும்படத் திரைக்கதைகள் பலவும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. மேலிருந்து ட்ரோன் ஷாட்டில் தென்னந்தோப்பு, பின்னால் ஒரு ஆண் குரல்: "இதுதான் என் ஊர். இங்கேதான் நான் பிறந்தேன்." யாரிடம் சொல்கிறான்? ஊர்க்காரரிடம் என்றால் அவர்களுக்கே அது தெரியும். பொண்ணு பார்க்க வந்த வீட்டாரிடம் என்றால் இப்படிச் சொல்ல மாட்டான். நாளைக்குத் தோட்டத்தைக் கிரயம் பண்ணப் போகிறவரிடம் என்றால் வேறு மாதிரிச் சொல்வான். எழுதியவருக்கு அது தெரியாததால் குரல் தியேட்டரின் கூரையைப் பார்த்துப் பேசுகிறது. பார்ப்பவர் காதில் அது விழுகிறது, அவ்வளவே.

கொங்கு நாட்டில் வளர்ந்தவருக்கு இந்த வேலையில் பிறவியிலேயே ஒரு சௌகரியம் உண்டு. நம் பேச்சில் கேட்பவர் இல்லாமல் வாக்கியம் முடிவது அபூர்வம். "சந்தைக்குப் போயிட்டு வந்தனுங்" என்றால் எதிரே பெரியவரோ அறிமுகமில்லாதவரோ நிற்கிறார். "போயிட்டு வந்தேன் கண்ணு" என்றால் சின்னப்பிள்ளை. "அம்மிணி" என்று முடிந்தால் மகளோ மகள் வயதுப் பெண்ணோ. வாய்க்குள்ளேயே பாதி கரைந்துவிடும் அந்த 'ங்' ஒலிக்குள் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு வயது இருக்கிறது, அவருக்கும் நமக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. வேறு வட்டாரத்து எழுத்தாளர் ஒரு காட்சி எழுதி நிறுவ வேண்டியதை நாம் வாக்கியத்தின் வால் நுனியில் சொல்லிவிடலாம். இவ்வளவு இருந்தும், வாய்ஸ் ஓவர் என்றவுடன் நம் பிள்ளைகள் பேச்சைத் துறந்து செய்திப்படத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

செய்திப்படத் தமிழ் என்று சும்மா சொல்லவில்லை. 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியபின் பல பத்தாண்டுகள் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன் அரசின் செய்திப்படம் ஓடியாக வேண்டும் என்பது விதி. அணை கட்டுவதும் வெள்ளம் வருவதும் ஒரே கனத்த குரலில் வரும். முகம் இல்லாமல் பேசும் குரல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று தலைமுறைக் காதுகள் பழகிவிட்டன. அந்தக் குரலுக்குக் கேட்பவர் 'நாடு'. உங்கள் கதாபாத்திரம் நாட்டிடம் பேசவில்லை என்றால் அந்தக் குரலை இரவல் வாங்காதீர்கள்.

இரவல் வேண்டுமென்றால் அதைவிடப் பழைய இடம் ஒன்று இங்கேயே இருக்கிறது. அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, இந்த வட்டாரத்தில் உடுக்கை அடித்துப் பல இரவுகள் சொல்லப்படுவது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கம் தங்கி இதை முழுக்க ஒலிப்பதிவு செய்தார். உடுக்கடிப் பாட்டில் கதை சொல்பவர் தனியாளாக இருப்பதில்லை. முன்பாட்டுக்காரர் சொல்லிக்கொண்டு போக, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், கடைசி அடியைத் திருப்பிப் பாடுவார், நடுவில் ஒரு கேள்வி கேட்பார். கூட்டத்தின் சார்பாகக் கேட்கும் ஒருவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டுதான் கதையே நகர்கிறது. அந்த "ஆமா" நின்றுபோனால் சொல்பவருக்கு ஓட்டம் தடுமாறும். வாய்ஸ் ஓவரில் பின்பாட்டுக்காரர் காதுக்குக் கேட்க மாட்டார். எழுதும் உங்களுக்கு மட்டும் கேட்க வேண்டும்.

சினிமாவும் இங்கே குரலோடுதான் வந்தது. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, ரயில்வே வேலையை விட்டுவிட்டு, டென்ட் கொட்டகையோடு ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர்தான். பேசாத படங்களின் அந்த நாட்களில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, எழுத்து அட்டைகளை வாசித்து, கதையை விளக்குவது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர்தான் படம். அவர் கண்ணுக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்தால் நிறுத்துவார், புரியாவிட்டால் திருப்பிச் சொல்வார். நம் மைக்குக்கு எதிரே அந்த முகங்கள் இல்லை என்பதால் ஒரு முகத்தையாவது நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கேட்பவர் கதைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்துப் படம் ஒன்றையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ் 1981இல் எடுத்த 'அந்த 7 நாட்கள்'. முதலிரவில் வசந்தி தற்கொலைக்கு முயல்கிறாள். டாக்டரான கணவன் ஆனந்த் காப்பாற்றி, என்ன நடந்தது என்று கேட்கிறான். அவள் தன் காதலைச் சொல்கிறாள். பாலக்காட்டு மாதவன், அவன் ஆர்மோனியப் பெட்டி, கூடவே இருக்கும் பையன், எல்லாம் அந்தச் சொல்லலுக்குள்தான் வருகின்றன. கதையை நகர்த்துவது, அதைக் கேட்டவன் யார் என்பதே. இதையே அவள் தோழியிடம் சொல்லியிருந்தால் ஒரு அழுகையோடு முடிந்திருக்கும். புதுத் தாலி கட்டியவனிடம் சொன்னதால் அவன் ஒரு முடிவு எடுக்க வேண்டியதாகிறது. அவளைக் காதலனிடமே சேர்த்துவைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான், மீதிப் படம் அந்த வாக்கிலிருந்து பிறக்கிறது. சொல்வது கேட்பவரை மாற்றினால் அது கதை. மாற்றாவிட்டால் தகவல்.

2004இல் வந்த 'விருமாண்டி'யில் கமல்ஹாசன் இதை இன்னொரு படி முறுக்கினார். மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சிறைக்கு வரும் ஏஞ்சலா காத்தமுத்துவின் கேமரா முன் முதலில் கொத்தாளத் தேவர் பேசுகிறார், பிறகு விருமாண்டி. அதே ஆட்கள், அதே நாள், அதே கொலைகள், ஆனால் இரண்டு கதைகள். கொத்தாளத் தேவரின் குரலில் ஒரு பெரிய மனிதத் தோரணை இருக்கும். காரணம், வெளியிலிருந்து வந்த படித்த பெண்ணிடம் அவர் தன்னை நிறுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. தூக்குக்குக் காத்திருப்பவனுக்கு அந்தத் தேவை இல்லை. குரோசவாவின் 'ராஷோமான்' 1950இல் காட்டிய வழி இது. தமிழில் 1954லேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தில் போலீஸ் விசாரணையை வைத்து இதைச் செய்துவிட்டார், அதுவும் ஒரு பாட்டுக்கூட இல்லாமல். விசாரணை அதிகாரி, ஆவணப்படக்காரி, புதுக் கணவன்: மூவருமே கேட்பவர்கள், மூவருக்கும் வேறு வேறு காது.

சரித்திரப் படங்களின் முன்னுரைக் குரலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'லகான்' படத்தில் அமிதாப் பச்சன், 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் கமல்ஹாசன் செய்ததுபோல, தெரிந்த குரல் ஒன்று காலத்தையும் ராஜ்ஜியத்தையும் அறிமுகம் செய்து ஒதுங்கிவிடும். பெரிய நட்சத்திரக் குரல் இல்லாமல் அதை முயலாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அதுவாக இருக்கவும் வாய்ப்பில்லை.

இனி ஒரு காட்சியைக் கையில் எடுத்து வேலை செய்வோம். பயிற்சிக்காக நான் எழுதியது:

கண்ணபுரம் மாட்டுச் சந்தை. பகல். ஒரு பெரியவர் காங்கேயம் காளைச் சோடியை விற்கிறார். ஒன்பது வயதுப் பேத்தி பக்கத்தில் நிற்கிறாள். துண்டுக்குள் கைவிட்டுத் தரகர் விலை பேசுகிறார். காளைகளை லாரியில் ஏற்றுகிறார்கள். பெரியவர் கயிறுகளை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொள்கிறார். இருவரும் இட்டேரி வழியாக வீடு திரும்புகிறார்கள்.

இதற்கு முதல் கையெழுத்துப் படியில் எல்லோரும் எழுதும் குரல் இப்படி இருக்கும்: "என் அப்பாருக்குக் காளைகள் என்றால் உயிர். மழை பொய்த்தது. கடன் கழுத்தை நெரித்தது. வேறு வழியில்லாமல் அன்று அவற்றை விற்றார். அவர் மனம் உடைந்துபோனது." பென்சிலை எடுத்து, படத்திலேயே தெரிவதையெல்லாம் அடியுங்கள். விற்றது தெரிகிறது, உயிர் என்பது கயிற்றைக் கழற்றும் கையில் தெரிகிறது, மனம் உடைந்தது முதுகில் தெரிகிறது. மிஞ்சுவது மழையும் கடனும். அவற்றை வறண்ட கிணற்று மேட்டில் ஒரே ஷாட்டில் காட்டிவிடலாம். ஆக, இந்தக் குரலுக்கு இங்கே வேலையே இல்லை.

இப்போது பேத்திக்கு நாற்பது வயது ஆகட்டும். திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறாள். குரல் அவளுடையது. கேட்பவரை மட்டும் மாற்றுவோம்.

அவள் தன் மகளிடம் சொல்கிறாள்: "அது என்ற அப்பாரு கவுறு கண்ணு. அன்னைக்குச் சந்தையில எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு. ஒண்ணு போதும்னேன், கேக்கவே இல்ல."

வங்கி மேலாளரிடம் கடன் கேட்கும்போது சொல்கிறாள்: "ஒரு சோடி மாடு வித்த காசுலதானுங் நான் படிச்சது. அதுக்கு ரசீதெல்லாம் இல்லீங். அன்னைக்கு ஆரும் எழுதி வாங்கறதில்லீங்."

செத்துப்போன அப்பாருவிடமே சொல்கிறாள்: "இட்டேரி முச்சூடும் நீங்க திரும்பியே பாக்கலீங்க. கவுத்தோட நுனி மண்ணுல இழுத்துட்டு வந்துச்சு. நான் அதை மிதிக்காம வந்தனுங்க அப்பாரு."

படம் ஒன்றுதான், ஒரு ஷாட்கூட மாறவில்லை. ஆனால் மூன்றும் மூன்று படங்கள். மகளிடம் பேசும்போது துக்கத்தை மறைக்கிறாள். திரையில் தாத்தாவின் முகத்தைப் பார்க்கும் நமக்கு அந்த இரண்டாவது ஐஸ் எதற்காக வாங்கப்பட்டது என்று புரிகிறது, மகளுக்குப் புரியாது. வங்கியில் அதே நினைவு ஒரு வாதமாகிறது. அவள் குரலில் வணக்கமும் ரோசமும் சேர்ந்தே இருக்கின்றன, ஒவ்வொரு 'ங்'கிலும் கொஞ்சம் குனிகிறாள். லாரி புறப்படும் படத்தின்மேல் "ரசீதெல்லாம் இல்லீங்" என்று கேட்கும்போது, அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் நமக்குக் கோபம்கூட வரலாம். மூன்றாவதில் பதில் வராது என்று தெரிந்தே பேசுகிறாள். அதனால்தான் அங்கே சொற்கள் குறைந்து பொருட்கள் மட்டும் மிஞ்சுகின்றன: கயிற்று நுனி, மண், பாதம்.

படமும் குரலும் ஒன்றையே சொல்லக் கூடாது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்று எல்லாப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன. டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லேண்ட்ஸ்' படத்தை உதாரணம் காட்டுவார்கள். திரையில் கொலைகள் நடக்க, பதின்வயதுப் பெண் ஒருத்தி அதைக் காதல் பத்திரிகைக் கதைபோலச் சொல்லிக்கொண்டு போவாள். சரியான உதாரணம்தான். ஆனால் அந்த இடைவெளியை எப்படி உண்டாக்குவது என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. நான் கண்ட பதில் இதுதான்: இடைவெளியைத் தேடிப் போகாதீர்கள், கேட்பவரை முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் யாரும் சொல்வதில்லை. மகளிடம் சொல்லாமல் விட்டதும் மேலாளரிடம் கூட்டிச் சொன்னதும் தானாகவே படத்திலிருந்து விலகி நிற்கும்.

இன்னொரு சோதனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்ட தலைமுறை நாம். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் 'விதி' பட வசனத்தைக் கேட்டே முழுக் கதையும் சொல்லிவிடுவோம். நம் சினிமா காதுக்கும் எழுதப்பட்ட சினிமா. அதனால் உங்கள் படத்தை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். வாய்ஸ் ஓவரை மட்டும் வைத்தே கதை முழுவதும் புரிந்துவிட்டால் நீங்கள் எடுத்திருப்பது ஒலிச்சித்திரம், கேமரா சும்மா நிற்கிறது. பிறகு குரலை ஊமையாக்கிவிட்டுப் பாருங்கள். ஒன்றும் குறையாவிட்டால் குரல் சும்மா பேசுகிறது. இரண்டு முறையும் ஏதோ ஒன்று குறைய வேண்டும்.

எடிட்டிங் டேபிளில் பயத்தால் சேர்க்கும் குரலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரஃப் கட்டைப் பார்த்த நாலு பேரில் இரண்டு பேர் "புரியலையே" என்றதும், "ஒரு வாய்ஸ் ஓவர் போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982இல் அப்படிச் சேர்த்த விளக்கக் குரலோடுதான் வெளிவந்தது. 1992இல் இயக்குநர் பதிப்பு வந்தபோது அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள், படம் நன்றாகவே மூச்சுவிட்டது. புரியாத இடத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு ஷாட் குறைவதோ, காட்சி வரிசை மாறியிருப்பதோதான். அதைச் சரிசெய்யும் வேலை கடினம், குரல் சேர்ப்பது சுலபம். சுலபமானதைச் செய்தால் உங்கள் பயம் படத்தில் பதிவாகிவிடும்.

மொழிக்கு வருவோம். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலை எழுதியபோது, பாத்திரங்களைக் கொங்குப் பேச்சிலும் தன் விவரிப்பைப் பொதுத் தமிழிலும் எழுதினார். நாவலுக்கு அந்த வரம்பு பொருந்தியது. வாய்ஸ் ஓவரில் விவரிப்பவரே ஒரு பாத்திரம் என்பதால் இந்த வரம்பு கரைந்துவிடுகிறது. அப்பாருவிடம் பேசும் பேத்தி பொதுத் தமிழில் பேசினால் அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் 'ஏனுங்', 'சொல்லுங்' என்று வாக்கியத்துக்கு ஒன்று தூவினால் கொங்குத் தமிழ் ஆகிவிடாது. நம் பேச்சின் மரியாதையைச் சினிமா நெடுங்காலம் சிரிப்புக்காகவே பயன்படுத்தியிருக்கிறது, கேட்பவர் காதும் அதற்குப் பழகியிருக்கிறது. எனவே அளந்து வையுங்கள். வட்டார மணம் ஒலியைவிடச் சொல்லில் உறுதியாக நிற்கும்: இட்டேரி, சாளை, ஒறம்பரை, கட்டுத்தரை, முச்சூடும். சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் புரட்டுங்கள். அதைவிட, உங்கள் அம்மிச்சியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.

தாளில் குறிப்பது எப்படி? பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வி.ஓ. என்று போடுவது வழக்கம். ஆள் அந்த இடத்திலேயே இருந்து, ஃபிரேமில் மட்டும் தெரியவில்லை என்றால் ஓ.எஸ். இரண்டையும் குழப்பாதீர்கள். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'மதிலுகள்' படத்தில் நாராயணியை நாம் பார்ப்பதே இல்லை, சிறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வருகிறது. அது வாய்ஸ் ஓவர் ஆகாது, ஏனென்றால் அவள் அங்கேயே, அந்த நேரத்திலேயே இருக்கிறாள். சுவரின் இந்தப் பக்கம் நிற்கும் கைதி பஷீருக்கு அவள் குரல் கேட்கிறது. நம் பேத்தியின் குரல் சந்தையில் நிற்கும் யாருக்கும் கேட்காது.

நீளத்தைப் பொறுத்தவரை, நிதானமாகச் சொல்லும் தமிழ் நிமிடத்துக்கு 80, 90 சொற்களுக்கு மேல் தாங்குவதில்லை என்பது என் அனுபவம். அரை நிமிட ஷாட்டுக்கு 40 சொல் எழுதினால் மூச்சுவிட இடமிருக்காது. 20 எழுதுங்கள். மீதி இடத்தில் மாட்டு மணியும் லாரி இன்ஜினும் பேசட்டும். கயிற்றைக் கழற்றும் ஷாட்டில் எந்தக் குரலும் வேண்டாம். முக்கியமான செயல் நடக்கும் இடத்தில் குரல் ஒதுங்கி நிற்க வேண்டும், செயலுக்கு முன்போ பின்போ வரலாம்.

படப்பிடிப்புக்கு முன்பே உங்கள் செல்போனில் உங்கள் குரலிலேயே ஒரு ஸ்கிராட்ச் ட்ராக் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாட்டின் நீளத்தைக் கேமராமேனுக்குச் சொல்லவும் எடிட்டருக்குக் கொடுக்கவும் உதவும். இறுதிப் பதிவுக்கு ஸ்டுடியோ வாடகை கட்டுப்படியாகாவிட்டால், ஜன்னல் மூடிய காருக்குள், கம்பளியைத் தொங்கவிட்டுப் பதியலாம். சோமனூர், பல்லடம் பக்கமென்றால் தறிச் சத்தம் சுவரையும் துளைத்து வரும். மின்தடை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அப்போது பதியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டால் திறந்த வெளியில் மைக்கை நீட்டுவது வீண். எங்கே பதிந்தாலும் கடைசியில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் அமைதியையும் பதிந்துகொள்ளுங்கள். வரிகளை வெட்டி ஒட்டும்போது இடுக்குகளை நிரப்ப அது வேண்டும்.

பதிவின்போது கேட்பவரை மைக்குக்கு எதிரே உட்கார வையுங்கள். கதையின் கேட்பவர் குழந்தை என்றால் ஒரு குழந்தையை, மேலாளர் என்றால் சட்டையை இன் பண்ணிய ஒரு அந்நியரை. செத்துப்போனவர் என்றால் வெறும் நாற்காலி ஒன்று போதும். இந்தச் சந்தைக் காட்சியையே படமாக்கியபோது நான் கூட இருந்த பதிவில், நடித்த அக்கா தாளைப் பார்த்து ஐந்து முறை வாசித்தும் ஒட்டவில்லை. அவர் தங்கை மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னோம். ஆறாவது டேக்கில் கயிறு வரியைச் சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினார். குழந்தை பொறுக்க முடியாமல், "அப்பறம்?" என்றது. அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு, "அப்பறம் ஒண்ணுமில்ல கண்ணு, ஊட்டுக்கு வந்துட்டோம்" என்றார். தாளில் இல்லாத அந்த வரியைத்தான் படத்தில் வைத்தோம். குழந்தையின் "அப்பறம்?" என்ற குரலையும் வெட்டவில்லை.